ராக்கோழி எழுதிய விமர்சனம்

"ஏம்மா, இணையத்துல ஒண்ணை எழுதிட்டு அப்புறம் அழிச்சா, அது அழிஞ்சதுதானே?"

நூலகத்தின் மூன்றாவது மாடியில், காணாமல் போகக்கூடிய இணையப் பக்கங்களை நகலெடுத்துச் சேமித்து வைக்கும் பிரிவு. அங்கே வேலை பார்க்கும் மச்சினி, கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"என்ன எழுதினீங்க, எப்ப எழுதினீங்க, அக்காவுக்குத் தெரியுமா?"

"நான் பொதுவாத்தான் கேட்டேன்."

"பொதுவா கேட்கறதுக்கு யாரும் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையைப் பூட்டிட்டு, அரை நாள் லீவு போட்டுட்டு வரமாட்டாங்க அத்தான். உட்காருங்க."

அத்தான் உட்கார்ந்தார். கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"லிஃப்ட்டுகளைப் பத்தி உங்கப்பா எழுதற இணையதளம் இருக்கே..."

முப்பது வருடம் லிஃப்ட் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர் மாமனார். ஊரிலுள்ள ஒவ்வொரு லிஃப்ட்டின் வரலாற்றையும் தன்னந்தனியாகத் தோண்டித் துருவி இணையத்தில் எழுதி வந்தார். நானூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள். இப்போது அவை புத்தகமாகின்றன. ஞாயிறுதோறும் மருமகனிடம், "புதுசு படிச்சீங்களா?" என்பார். "அருமை மாமா, கீழ வைக்கவே முடியல" என்பார் மருமகன்.

"ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி, அது யாரோட தளம்னே தெரியாதப்போ, ஒரு வாசகர் மன்றத்துல அதைப் பத்தி எழுதினேன். ராக்கோழிங்கிற பேர்ல."

"நல்லதாவா?"

"உண்மையா."

மச்சினி நாற்காலியை முழுசாகத் திருப்பினாள். "மனப்பாடமா இருக்குமே, சொல்லுங்க."

அவர் தொண்டையைச் செருமினார். "'இரண்டு கட்டுரை படித்தேன். நைட் ஷிஃப்ட் பார்த்து மூன்று மாதமாகத் தூக்கம் வராமல் தவித்தவன் நான். அன்று அடித்துப் போட்டாற்போல் தூங்கினேன். மூன்றாவதை அவசரத்துக்கு எடுத்து வைத்திருக்கிறேன். நன்றி.'"

பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அவள் சிரித்தாள்.

"சிரிக்காதம்மா. அடுத்த வருஷமே எங்கிருந்தோ ஒரு தரகர் தேடி வந்து, அந்தத் தளத்துக்காரர் வீட்டுக்கே என்னை மாப்பிள்ளையாக்குவார்னு கண்டேனா? போன ஞாயித்துக்கிழமை சாப்பிடும்போது மாமா, 'எவனோ ஒருத்தன் என் தளத்தைப் பத்தி எழுதியிருந்தான், அதைத் தேடி எடுக்கணும்'னாரு. எனக்குச் சாப்பாடே இறங்கல. மறுநாள் மொத வேலையா அழிச்சுட்டேன். ஆனா உங்க சேமிப்புல நகல் இருந்துட்டா? எட்டு வருஷமா 'அருமை மாமா'ன்னு சொன்ன வாய் இது. இனிமே எந்த மூஞ்சியோட அவர் முன்னாடி உட்காருவேன்?"

"அப்பாவும் என்னைத்தான் தேடச் சொல்லியிருக்காரு. இன்னும் தேடல, இருங்க." முகவரியை வாங்கித் தட்டினாள். புருவம் உயர்ந்தது. "ஒரு நகல் இருக்கு."

அவர் முகம் எக்ஸ்ரே படத்து எலும்பு மாதிரி வெளுத்தது.

"ஒன்பது வருஷமா இதை யாருமே சேமிக்கல அத்தான். போன திங்கட்கிழமை காலையில ஒன்பது இருபதுக்கு யாரோ சேமிச்சிருக்காங்க. நீங்க எத்தனை மணிக்கு அழிச்சீங்க?"

"ஒன்பதரைக்கு."

"ஒன்பது இருபதுக்கு என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"நகல் ஏதாவது இருக்கான்னு உங்க தளத்துல பார்த்தேன். பெட்டியில முகவரியைப் போட்டு அழுத்தினேன். 'முடிந்தது'ன்னு வந்துச்சு. தேடி முடிச்சாச்சு, ஒண்ணும் இல்லன்னு நினைச்சேன். இருந்தாலும் மனசு கேக்காமத்தான் இங்க வந்தேன்."

"எந்தப் பெட்டி? மேலயா, கீழயா?"

"கீழ."

"மேல இருக்கறதுதான் தேடற பெட்டி. கீழ இருக்கறது சேமிக்கிற பெட்டி." அவள் மெதுவாகச் சொன்னாள். "யாருமே எடுக்காத போட்டோவை நீங்களே எடுத்து, சட்டம் போட்டு மாட்டிட்டுப் போயிருக்கீங்க."

"தயவுசெஞ்சு எடுத்துடும்மா."

"எழுதினவரே பேர், முகவரி, கையெழுத்தோட விண்ணப்பம் குடுத்தா எடுப்போம். படிவம் தரட்டுமா?"

"அதுக்கு நேரா மாமாகிட்டயே சொல்லிடலாமே."

"சொல்லிடுங்க." அவள் செல்போனில் வந்திருந்த செய்தியைப் பார்த்தாள். "லிஃப்ட்லதான் வந்துட்டு இருக்காரு."

லிஃப்ட் கதவு திறந்தது. வெளியே வந்த மாமனார் அது மூடும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, "எண்ணெய் கேக்குது" என்றார். பிறகுதான் மருமகனைப் பார்த்தார்.

"மாப்பிள்ளையும் இங்கதானா? நல்லதாப் போச்சு. ஏம்மா, அந்தப் பக்கம் கிடைச்சுதா? பின்னட்டையில போடணும், அச்சகத்துல இன்னிக்கே கேக்கறாங்க. ஞாபகத்துல இருந்து எழுதினா அது ஆதாரமாகாது."

மச்சினி அத்தானைப் பார்த்தாள். அத்தான் தரையைப் பார்த்தார். அவள் திரையைத் திருப்பினாள்.

மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். உதடு துடித்தது. கடைசியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இதேதான். எழுத்து மாறாம அப்படியே போடு. நானூத்துப் பன்னிரண்டு கட்டுரைக்கு வந்த ஒரே விமர்சனம்."

"எழுதினவர் பேரை என்னன்னு போடறதுப்பா?" என்றாள் மச்சினி, அத்தானை ஓரக்கண்ணால் பார்த்தபடி.

"ராக்கோழின்னே இருக்கட்டும். நிஜப் பேரைப் போட்டா, சொந்த மருமகனை வெச்சே எழுதி வாங்கிக்கிட்டான்னு ஊர் சிரிக்கும்."

மருமகன் எழுந்தார், மறுபடியும் உட்கார்ந்தார். "மாமா, உங்களுக்கு எப்படி..."

"அதே பேர்ல பழைய சைக்கிள் விக்க விளம்பரம் குடுத்திருந்தீங்களே, போன் நம்பரோட. உண்மையைச் சொல்ற பையன் ஒருத்தன் சிக்கினான்னு, விசாரிச்சுத்தானே தரகரையே அனுப்பினேன்." மாமனார் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். "பொய் சொல்லக் கத்துக்கிட்டதெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம்தான்."