மாமனார் தின்ற அபினி

டப்பாவைத் திறந்த ராஜாத்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே துளி அபினி இல்லை.

"மாமா! முந்தாநாள் வாங்கியாந்தது எங்கன?"

கட்டிலில் சுருண்டு கிடந்த மாமனார் ஒச்சாண்டி, பக்கத்துத் தொட்டிலில் தூங்கும் பேரப்பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏலக்காய் மூட்டையோடு கூடலூர் மலைப்பாதையில் உருண்டு விழுந்ததிலிருந்து அவருக்கு இடுப்பு போச்சு. வலி தாங்க டாக்டர் எழுதிக் கொடுத்ததுதான் அபினி. காலையில் மிளகளவு, அந்தியில் மிளகளவு. உத்தமபாளையம் சர்க்கார் அபினிக் கடைக்கு நடையாய் நடந்து மகன் வீரபாண்டி வாங்கி வருவான்.

"வாரத்துக்கு வச்சு திங்க வேண்டியதை ஒத்தடியா முழுங்கிட்டீகளே, நல்லாருக்கா இது?"



"ஏத்தா, வயல்ல எல்லாரும் எறங்கியாச்சு. நீ இன்னும் கெளம்பலையா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள் பக்கத்து வீட்டுக் கருத்தம்மாள்.

"எங்கிட்டுக்கா கெளம்ப? இவுக செஞ்சிருக்கிற காரியத்தைப் பாரு!"

காலி டப்பாவைப் பார்த்த கருத்தம்மாள் மோவாயில் கைவைத்தாள். "அடி ஆத்தீ! பெரியவுக ருசி கண்டுக்கிட்டாக. இனி வலிங்கிறதெல்லாம் சும்மா சாக்கு."

"கேட்டீகளா மாமா? நாளைக்கு ஊரே இதைத்தான் சொல்லும்."

கிழவருக்கு வேர்த்து ஊற்றியது. கால் வெடவெடவென்று ஆடியது. பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார்.

"இம்புட்டையும் தின்னுட்டு நடிப்பைப் பாருக்கா! இன்னும் வேணுமாம்."

சத்தத்தில் தொட்டில் குழந்தை விழித்துக்கொண்டு வீரிட்டது. ராஜாத்தி வெடுக்கென்று தொட்டிலை ஆட்டிவிட்டாள். அது இன்னும் கத்தியது.

"நீ வேற ஏன் உசுரை வாங்குற! நடவு விட்டா எனக்கு வேற கூலி ஏது? இருங்க மாமா, உங்க மகன் வரட்டும். இன்னைக்கே வாங்கியாரச் சொல்லி, நானே பூட்டி வச்சுக்கிறேன்."

"வாங்க வேணாம் தாயி."

முதல்முறையாக வாய் திறந்தார் ஒச்சாண்டி.

"வேணாமா? அப்ப இடுப்பு வலிக்கு?"

"வலிச்சா வலிச்சுட்டுப் போகுது. தொட்டில் கயித்தை இங்கிட்டுக் குடு. நான் ஆட்டிக்கிறேன், நீ நடவுக்குப் போ."

"தின்னது போதும்னு இப்பத்தான் புத்தி வந்துச்சாக்கும்!"

"திங்கலை ஆத்தா. அடுப்புல போட்டுட்டேன்."

ராஜாத்தி தலையில் அடித்துக்கொண்டாள். "பைத்தியமா பிடிச்சிருக்கு உங்களுக்கு? மருந்தைப் போயி யாராச்சும் அடுப்புல போடுவாகளா?"

"இந்தக் கருத்தம்மா சொல்லிக் குடுத்தாள்னு, தூங்கட்டும்னு பிள்ளை நாக்குல அதைத் தடவிட்டுப் போனியே நேத்து... பொழுது சாயிற மட்டும் அது அசையவே இல்லை. மூக்குல விரலை வச்சு வச்சு மூச்சுப் பார்த்துக்கிட்டே கிடந்தேன் தாயி. வீட்டுல அது இருந்தா, நீ இன்னைக்கும் தடவுவே."