பூவாளிக்கு இருப்புக்கொள்ளவில்லை

வறண்ட காட்டிலிருந்து கொண்டுவந்த உலக்கைப்பாலை மரக்கன்று ஒன்றைத் தோட்டத்து மூலையில் நட்டார்கள். முதல் வருஷம் முழுக்க அதற்குத் தண்ணீர் ஊற்றியது பூவாளிதான். மறு கோடையில் கிணறு வற்றியது. பூவாளியைக் கொட்டகையில் போட்டுவிட்டார்கள்.

பூவாளிக்கு ஒரு நாள்கூட இருப்புக்கொள்ளவில்லை. "ஐயோ, பிள்ளை தவிக்குமே! யாராவது என்னைத் தூக்குங்களேன்!" என்று காற்றடிக்கும்போதெல்லாம் உருண்டு லொடலொடத்தது.

மூன்று மாதம் கழித்துக் கிணற்றில் கொஞ்சம் ஊற்று வந்தது. பூவாளி தளும்பத் தளும்ப வந்து சேர்ந்தது. ரோஜாச் செடிகளெல்லாம் கருகிக் கிடந்தன. கன்று மட்டும் இரண்டு புதுக் கிளைகளோடு கரும்பச்சையாக நின்றது.

"என்னடி, நீ வாடவே இல்லையா?" என்றது பூவாளி.

"வேர் ரொம்பக் கீழே போயிடுச்சுக்கா. அங்கே ஈரம் இருக்கு."

"அப்போ என்னைத் தேடவே இல்லை, அப்படித்தானே?"

வாய்வரை வந்த பதிலைக் கன்று விழுங்கிக்கொண்டது. பிறகு மூச்சைப் பிடித்து, நல்ல பச்சை இலை ஒன்றை உதிர்த்தது.

"பார்த்தியா, பார்த்தியா! நான் இல்லேன்னா உன் கதி என்ன ஆகும்!" என்ற பூவாளி, நிம்மதியாகச் சாய்ந்து கடைசிச் சொட்டுவரை ஊற்றியது.