வெறும் கேஸ்தான்

மெடிக்கல் ஷாப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பிலவேந்திரன், தன் கடைசி விருப்பத்தைச் சொல்ல ஆரம்பித்தார். தறியில் இருக்கும் முகூர்த்தப் புடவையில் இன்னும் இரண்டு முழம் பாக்கி. அதை வேறு யாரையும் தொட விடக்கூடாதாம்.

"சும்மா இரு மச்சான், வெறும் கேஸ்தான்" என்றார் தென்னரசு. பக்கத்துத் தறிக்காரர். எட்டாவது வரை படித்துவிட்டு, ஆரணியில் பாதிப் பேருக்கு இலவசமாக வைத்தியம் பார்த்து வருபவர். "ஹெப்சிபா, கேஸ் மாத்திரை நாலு, அந்த ரோஸ் கலர் மருந்து ஒரு பாட்டில். ஜல்தியா குடும்மா."

கடைக்குள் நின்ற ஹெப்சிபா எதையும் எடுக்கவில்லை. "ஏற்கெனவே ஏதாவது போட்டீங்களா அண்ணா?" என்று பிலவேந்திரனைக் கேட்டாள்.

பதில் தென்னரசுவிடமிருந்து வந்தது. "ரெண்டு குடுத்தேன், கேக்கல. இன்னும் ரெண்டு குடுத்தேன். மேல ஒரு சோடா." மாத்திரை அட்டை எப்போதும் அவர் சட்டைப் பையிலேயே இருக்கும். கேட்காதவர்களுக்கும் தருவார்.

"அடுத்தடுத்து நாலா? எத்தன போடணும்னு அட்டையிலயே போட்டிருக்குதே."

"எழுத்து பொடிசா கீதும்மா. அத யாரு படிக்கறது?"

ஹெப்சிபா அவரை விட்டுவிட்டுப் பிலவேந்திரன் பக்கம் குனிந்தாள். "என்ன சாப்பிட்டீங்க?"

கலசப்பாக்கத்தில் மச்சினன் வீட்டு நிச்சயதார்த்தம். பிரியாணி இரண்டு தட்டு. வீடு திரும்பியதும் நேராகத் தறிக்குழியில் காலை விட்டு, வயிறு மடங்க உட்கார்ந்து நெய்திருக்கிறார். சர்ச்சில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிற குரலில் அவர் இதையெல்லாம் சொல்லி முடித்தார்.

"வேர்க்குதா? இடது கை வலிக்குதா?"

பிலவேந்திரன் யோசிப்பதற்குள் தென்னரசு சிரித்துவிட்டார். "நாள் பூரா தறிப்பலகைய அடிக்கிறவனுக்குக் கை வலிக்காம இன்னாம்மா வலிக்கும்? எனக்குந்தான் மூணு நாளா வலிச்சிகினு கீது. நான் இன்னா செத்தா பூட்டேன்?"

"நான் அவரைக் கேட்டேன்."

"இப்ப நீ கேட்டதும் வலிக்கிற மாதிரிதான் கீதும்மா" என்றார் பிலவேந்திரன், அழுகிற குரலில்.

"அப்ப மாத்திரை தர மாட்டேன். நெஞ்செரிச்சலாவும் இருக்கலாம், ஹார்ட்டாவும் இருக்கலாம். கடையில நின்னுகினு அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"யாவாரம் பண்ண உக்காந்துகினு, வந்த ஆள இப்படிப் பேஜார் பண்றியே!" தென்னரசு கத்தினார். அதற்குள் ஹெப்சிபா தெருவில் இறங்கி ஓர் ஆட்டோவை மறித்திருந்தாள்.

ஆட்டோவில் ஏறியதும் பிலவேந்திரன் தன் மனைவி அமலோற்பவத்துக்குப் போன் போட்டு, ரேஷன் கார்டு எந்த டப்பாவில் இருக்கிறது என்று சொன்னார். அந்தப் பக்கம் அழுகை கேட்டது. வீட்டில் இரண்டு பெண்கள்; பெரியவள் பிளஸ் டூ, சின்னவள் எட்டாவது. அவர் உண்மையிலேயே பயந்துபோயிருந்தார்.

தென்னரசுவும் கூடவே போனார், தான் சொன்னதுதான் சரி என்று டாக்டர் வாயால் கேட்பதற்காக.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி இரண்டு தடவை எடுத்தார்கள். ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு மணி நேரம் கட்டிலில் கிடந்த பிலவேந்திரன், தெரிந்த ஜெபங்களையெல்லாம் சொல்லி முடித்து முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்திருந்தார். டாக்டரம்மா காகிதங்களோடு வந்தார்.

"இதயத்துல ஒண்ணும் இல்லீங்க. சாதாரண நெஞ்செரிச்சல்தான்."

பிலவேந்திரனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துக்குத் தறியில உக்காராதீங்க. மாத்திரை, அட்டையில போட்டிருக்கிற அளவுதான். அடிக்கடி வந்தாலோ, ரெண்டு வாரம் போட்டும் நிக்கலைன்னாலோ, நீங்களா வாங்கிப் போட்டுகினு இருக்காம இங்க வாங்க." சொல்லிக்கொண்டே சீட்டில் எழுத ஆரம்பித்தார்.

தென்னரசு காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "நான் சொன்னனா இல்லியா மச்சான்? அந்தப் பொண்ணு பேச்சக் கேட்டு அரை நாள் பூட்ச்சு. அனுபவம்னு ஒண்ணு கீதுல்ல டாக்டர்?"

"உங்களுக்கும் நெஞ்செரிச்சல் வருமா?" தலை நிமிராமலே கேட்டார் டாக்டரம்மா.

"மூணு நாளா அதோடதான சுத்திகினு கீறேன்! ஆஸ்பத்திரிக்கா ஓடியாந்தேன்? மாடிப்படி ஏறினா நெஞ்ச அப்படியே அமுக்கும். ரெண்டு நிமிசம் நின்னா வுட்டுடும். ஒரு மாத்திரையப் போட்டுகினு மிச்சப் படிய ஏறிடுவேன்."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. நிமிர்ந்து தென்னரசுவை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். பிறகு கட்டிலில் படுத்திருந்த பிலவேந்திரனிடம் சொன்னார்:

"நீங்க எழுந்திரிங்க, அவரைப் படுக்க வைக்கணும்."