டாக்டருக்கு விழுந்த திட்டு

"வலிக்காதில்ல, டாக்டர்?"

ஆபீஸில் நாற்பது பேரை நடுங்க வைக்கும் மேனேஜர், பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்ததும் கேட்ட முதல் கேள்வி இதுதான். ஆபீஸில் அவருக்கு 'கெடுபிடி' என்று பெயர். அது அவருக்கும் தெரியும். உள்ளுக்குள் அதில் ஒரு பெருமைகூட உண்டு.

"ஒண்ணும் வலிக்காது சார். எந்தப் பல்லு?"

கெடுபிடி வாய்க்குள் விரலை விட்டுக் கடைசிக் கடைவாய்ப் பல்லைத் தொட்டுக் காட்டினார். அதற்குள் பயம் வந்துவிட்டது. டாக்டரின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர், கை!"

அதட்டியது, பக்கத்தில் உதவிக்கு நின்ற சிஸ்டர். வயது இருபத்தைந்து இருந்தால் அதிகம்.

"கிளவுஸைக் கழட்டுங்க. போய்க் கையைக் கழுவிட்டு வாங்க."

தலை நரைத்த டாக்டர், மறுபேச்சுப் பேசாமல் வாஷ்பேசினுக்குப் போனார். அதோடு விட்டாளா?

"கட்டை விரலை விட்டுட்டீங்க, டாக்டர். நக இடுக்கு?"

"இதோ, சிஸ்டர்."

கெடுபிடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆபீஸில் அவர் எதிரே உட்காரவே யாருக்கும் துணிச்சல் கிடையாது. இங்கே ஒரு சின்னப் பெண், பெரிய டாக்டரை எல்.கே.ஜி. பிள்ளை மாதிரி விரட்டுகிறாள்!

டாக்டர் புதுக் கிளவுஸ் மாட்டிக்கொண்டு வருவதற்குள், தட்டில் இருந்த குட்டிக் கண்ணாடியை எடுத்துத் தன் பல்லைத் தானே ஒரு பார்வை பார்த்தார் கெடுபிடி. பார்த்துவிட்டு ஒழுங்காகத் தட்டிலேயே வைத்தார். எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்பது அவர் கொள்கை.

"என்ன டாக்டர், கவனமே இல்லாம? இப்ப இந்தத் தட்டு மொத்தத்தையும் மாத்தணும்."

"தப்புதான் சிஸ்டர். மாத்திடுங்க."

தப்புதானாமே! கெடுபிடிக்கு ரத்தம் கொதித்தது. இருமல் வேறு வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு நாகரிகமாக இருமினார். பாவம் இந்த மனுஷன் என்று டாக்டர்மேல் இரக்கம் பொங்கியது.

"மனசுல வெச்சுக்காதீங்க, டாக்டர்" என்று ரகசியமாகச் சொல்லி, அவர் கையைத் தட்டிக் கொடுத்தார்.

"டாக்டர்! எத்தனை தடவை சொல்றது? கை!"

மறுபடியும் வாஷ்பேசினுக்கு ஓடினார் டாக்டர்.

ஒருவழியாக ஊசி போட்டு, சொத்தையைச் சுரண்டி, மருந்து வைத்து அடைத்தாயிற்று. "இன்னும் ரெண்டு தடவை வரணும் சார். பாதியில விட்டீங்கன்னா பல்லைப் பிடுங்க வேண்டியதுதான்" என்றார் டாக்டர்.

சிஸ்டர் கருவிகளை அள்ளிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள். கெடுபிடி இதற்குத்தான் காத்திருந்தார்.

"தாக்தர்!" மரத்த நாக்கில் டாக்டர் தாக்தர் ஆனார். "அந்தப் பொண்ணை இன்னிக்கே வேலையை விட்டுத் தூக்குங்க."

"எதுக்கு சார்?"

"எதுக்கா? வர்றவங்க போறவங்க முன்னாடி உங்களை வெளுத்து வாங்கறா! நானா இருந்தா முதல் தடவையே சீட்டைக் கிழிச்சிருப்பேன். முடிவாச் சொல்றேன். அடுத்த தடவை நான் வரணும்னா, அவ இங்க இருக்கக் கூடாது."

டாக்டர் முகக்கவசத்தை இறக்கினார்.

"இதைச் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஆனா அந்தப் பொண்ணு வேலைக்கே உலை வெக்கறீங்க. சிஸ்டர் என்னைத் திட்டினாளே, அந்த மூணு தடவையும் தப்பு என்னோடது இல்ல சார்."

"அதைத்தானே நானும் சொல்றேன்! தப்பே பண்ணாத மனுஷனைப் போய்..."

"உங்களோடது."

கெடுபிடிக்கு நாக்கோடு சேர்ந்து முகமும் மரத்துப்போனது.

"வாய்க்குள்ள விட்ட விரலோட என் கையைப் பிடிச்சீங்க. அதே கையால கண்ணாடியை எடுத்துப் பார்த்துட்டு, சுத்தமான தட்டுலயே திரும்ப வெச்சீங்க. அப்புறம் இருமின கையாலயே தட்டிக் கொடுத்தீங்க. அப்படியே உங்க வாய்க்குள்ள நான் எப்படிக் கை வெக்கறது?"

கெடுபிடி தன் கையைப் பார்த்தார். அதை எங்கே வைப்பதென்றே அவருக்குத் தெரியவில்லை.

"அப்போ என்னைத்தானே திட்டியிருக்கணும்? உங்களை எதுக்கு...?"

"நான்தான் அப்படிச் சொல்லி வெச்சிருக்கேன். உங்களைத் திட்டினா ரோஷம் வந்து அடுத்த தடவை வராம இருந்துடுவீங்க, பல்லு போயிடும். என்னை எவ்வளவு திட்டினாலும், நாளைக்குக் காலையில நான் வந்துதானே சார் ஆகணும்?"