மூன்று மாதம் முடியுமுன்

வீட்டில் யாராவது நாற்பது நாள் தொடர்ந்து எதையாவது மறைத்தால், அரசாங்கம் சுவரில் பதித்திருக்கும் காதுக்கு அது தெரிந்துவிடும். நாற்பத்தோராம் நாள் காலை, துளசிமணியின் வீட்டுக்குப் பாதுகாப்புத் துறையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள்.

"குண்டு வெச்சவனெல்லாம் மொதல்ல ஊட்ல இருக்கறவங்ககிட்டத்தானுங்க மறைச்சான். என்னன்னு சொல்லிப்போடுங்க, நாங்க போயிர்றோம்" என்றார் மூத்தவர்.

கணவன் குமரவேல் அவளையே பார்த்தான். மாமியார் தோசைக்கரண்டியோடு சமையலறையிலிருந்து வந்து நின்றாள்.

"மூணு மாசம் முடியட்டும், சொல்றேனுங்க."

"இப்பச் சொல்லோணும். இல்லீன்னா ஜீப்புல ஏறோணும்."

முன்பு இரண்டு முறை சீக்கிரமே எல்லோரிடமும் சொல்லி, இரண்டு முறையும் கரு கலைந்திருந்தது. அதனால் இந்த முறை கணவனிடம்கூட அவள் வாய் திறக்கவில்லை. இப்போது தரையைப் பார்த்தபடி சொன்னாள். மாமியார் சர்க்கரை எடுக்க உள்ளே ஓடினாள். அதிகாரி பிரசவத் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

பதினேழு நாள் கழித்து, குளியலறைக் கதவைத் தாழிட்டுவிட்டு, துளசிமணி சுவரைப் பார்த்து மெதுவாகப் பேசினாள்.

"எழுதிக்கங்க சார். இதுவும் தங்கலீங்க. இனி மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க."