சல்லடை ஸ்டியரிங்

"ஐயய்யே! உங்களை நம்பியா இத்தனை பேர் வண்டி கத்துக்கிட்டாங்க? பாவம், ஒருத்தராவது முழுசா வீடு போய்ச் சேர்ந்திருப்பாங்களா?"

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அக்காவுக்குக் காது கூசியது. தம்பி மனைவியின் குரல்தான். சந்தேகமே இல்லை.

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து, உயிர் பிழைத்ததே பெரிசு என்று வீடு திரும்பியிருக்கிறான் தம்பி. வலது கை, கால் சரியாக வரவில்லை. பேச்சு சுத்தமாகப் போய்விட்டது. அவனைப் பார்த்தா இப்படி ஒரு பேச்சு?

விறுவிறுவென்று உள்ளே போனாள். அங்கே ஒரு கூத்தே நடந்துகொண்டிருந்தது.

தம்பி கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மாவு சலிக்கிற சல்லடையை இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்புகிறாள் இவள். மடியில் ஒரு நீளக் கரண்டி. அதுதான் கியராம்!

"பாருங்க, ஃபர்ஸ்ட் கியர். வண்டி கிளம்பிடுச்சு. இப்ப ஒரே இழுப்பு, நாலாவது கியர். கிளட்ச்செல்லாம் எதுக்கு? கால் வலிதான் மிச்சம்."

தம்பியின் முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது. "க்... க்..." என்று வாய் கோணியது. இடது காலால் தரையை ஓங்கி ஓங்கி மிதித்தான்.

"நிறுத்தும்மா!" என்று கத்தினாள் அக்கா. "உனக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா? ஸ்டியரிங்கைத் தொடவே நடுங்கின உனக்கு அவன்தானே எல்லாம் சொல்லிக்கொடுத்தான்? இன்னிக்கு அவன் டிரைவிங் ஸ்கூல்லயே பொம்பளைங்களுக்கெல்லாம் நீ மாஸ்டரம்மா. அவன் வாய் போனதும் அவனையே நையாண்டி பண்றியா?"

அக்கா வண்டியில் பின்சீட்டைத் தாண்டி உட்கார்ந்ததில்லை. கிளட்ச் எது, கியர் எது என்று அவளுக்கு ஒரு எழவும் தெரியாது. கிண்டல் எது என்று நன்றாகத் தெரியும்.

தம்பி மனைவி எழுந்தாள். கண்ணைக் காட்டினாள். "அண்ணி, கொஞ்சம் சமையல்கட்டுக்கு வாங்களேன். ஒரு விஷயம்."

"எதுவா இருந்தாலும் அவன் முன்னாடியே சொல்லு."

அவள் கணவனைப் பார்த்தாள். "ஒண்ணுமில்லை அண்ணி."

"ஒண்ணுமில்லையா? கேட்டா மட்டும் வாய் ஒட்டிக்கிச்சு, பார்!"

அக்கா தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் தலையைத் தடவினாள். அவன் மறுபடி "க்... க்..." என்றான்.

"தண்ணியா? இந்தாடா கண்ணு." டம்ளரை வாயில் வைத்தாள். அவன் தலையை ஆட்டி மறுத்தான். "வேண்டாமா? சரி, சரி. நீ பேசவே வேண்டாம்டா. கண்ணைக் காட்டு போதும், அக்கா புரிஞ்சுக்குவேன். எங்க வீட்டுக்கு வந்துடு. மாடி அறை சும்மாதான் கிடக்கு. ஒரு சத்தம் இருக்காது. வாயே திறக்காம நிம்மதியா இரு."

சொன்னதோடு நிற்கவில்லை. அலமாரியைத் திறந்து அவன் சட்டைகளைப் பையில் திணிக்க ஆரம்பித்தாள்.

"அண்ணி, கூட்டிட்டுப் போயிடாதீங்க. இங்க இருந்தாதான்..." பாதியில் நிறுத்தினாள் தம்பி மனைவி.

"இங்க இருந்தாதான் உனக்குப் பொழுது போகுமா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவள், மறுபடியும் அந்தச் சல்லடையை எடுத்தாளே, பார்க்கணும்!

"சரி, போறவர் போகட்டும். போறதுக்கு முன்னாடி இதையும் பார்த்துட்டுப் போங்க. வண்டி மேட்டுல நிக்குது. ஹேண்ட் பிரேக்கை எடுத்துட்டேன். கிளட்ச் பக்கமே கால் போகாது. அப்படியே கியரைப் போடறேன்..."

"அடிப்பாவி! வெட்கமா இல்லை உனக்கு?"

"கிளட்ச்!"

அக்காவின் கையிலிருந்த பை கீழே விழுந்தது.

"கிளட்ச்சை... மிதி... டீ!" தம்பி கத்தினான். பழைய கத்தல். தெருமுனை வரைக்கும் கேட்கிற மாஸ்டர் கத்தல்.

"டேய்! பேசிட்டியேடா!" அக்கா அழுதுவிட்டாள்.

தம்பி மனைவியின் தோள் குலுங்கியது. முகத்தைச் சல்லடையால் மறைத்துக்கொண்டு எழுந்தவள், அக்காவை அறைக்கு வெளியே இழுத்துப்போய்க் காதோடு சொன்னாள்.

"ஆஸ்பத்திரியில பேச்சுப் பயிற்சின்னு படத்தைக் காட்டி, இது பூனையா நாயான்னு கேட்டாங்க அண்ணி. சின்னக் குழந்தையைக் கேட்கிற மாதிரி இருக்கேன்னு அழுதுட்டார். அப்புறம் வாயைத் திறக்கவே இல்லை. யாராவது வண்டியைத் தப்பா ஓட்டினா மட்டும் அவருக்குப் பொறுக்காது. சல்லடையை வெச்சுத் தப்புத் தப்பா ஓட்டிக் காட்டினேன், கோபத்துல தொண்டையிலிருந்து ஏதோ கிளம்பிச்சு. நான் வேணும்னே தப்பு பண்றேன்னு தெரிஞ்சா கோபம் வருமா, சொல்லுங்க? அதான் அவர் முன்னாடி சொல்ல முடியலை."

அக்காவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. உள்ளே வந்து, விழுந்த சட்டைகளைப் பொறுக்கினாள். அலமாரியில் திருப்பி வைக்கவும் கை வரவில்லை. அத்தனை பேச்சு பேசியாயிற்றே.

"என்னடா சொல்றே?" என்றாள் தம்பியிடம், குரல் இறங்கிப்போய். "அக்கா வீட்டுக்கு வரியா, இல்லை இங்கேயே..."

தம்பி தன் மனைவியைப் பார்த்தான். கோணிய வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

"நீ... போக்கா. மாஸ்டரம்மாவுக்கு... இன்னும்... ரிவர்ஸ் வரலை."