பாதி எரிந்த பெட்ரோல்

அந்தப் பழைய காரின் ரோட்டரி இன்ஜின் பெட்ரோலைப் பாதிதான் எரிக்கும். மீதியைப் பின்னாலிருக்கும் சைலன்சர் தலையில் கட்டிவிடும். அது அங்கே போய் எரிய, பாவம், சைலன்சர் பழுக்கக் காய்ந்து சிவக்கும்.

“தம்பிக்கு எப்பவும் சூடுதான். கொஞ்சம் பொறுமை வேணாமா?” என்றது இன்ஜின்.

“அண்ணே, நீங்க முழுசா எரிச்சு அனுப்பினா நான் ஏன் சூடாகப் போறேன்?”

“பாருங்க, பெரியவங்களையே எதிர்த்துப் பேசுறான்!”

மெக்கானிக் வந்து, சூடு வெளியே தெரியாதபடி சைலன்சரைத் தடித்த துணியால் சுற்றினார். எல்லாருக்கும் நிம்மதி. உள்ளுக்குள்ளேயே வெந்த சைலன்சர் ஒருநாள் விரிசல் விட்டது.

கழற்றி மூலையில் எறியப்பட்ட அதன் காதில், புதுச் சைலன்சரை இன்ஜின் வரவேற்பது விழுந்தது: “வாங்க தம்பி! முன்னாடி இருந்தவன் சரியான முன்கோபி. நீங்க பயப்படாதீங்க, பாதி வேலையை நானே பாத்துக்குவேன்.”